விளக்கம் கோரப்பட்டபடி

ஐயா,
பார்வையில் கண்ட குறிப்பாணை கிடைத்தது.
பதினேழு-பி. மூன்று பக்கம்.
இணைப்பில் ஒரு புகைப்படம்.

அதில் இருப்பது நான்தான்.
அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருக்கிறேன்,
கோபுர முத்திரை வெயிலில் மினுங்குகிறது.
படம் எடுத்த மஃப்டிக்காரர் தெரிந்தவர்தான்.
போன மாதம் அவர் மனைவிக்கு
நல்ல நண்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் வியாழக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.
அன்று காலை அறிக்கை அடித்ததும் நான்தான்.
விசைப்படகு ஒன்று. பிடிபட்ட மீனவர் ஏழு.
வரிசை எண் நான்கு, ராயப்பன், வயது முப்பத்தொன்று,
த/பெ இன்னாசி.
பணிப் பதிவேட்டில் என் பெயரையும் பாருங்கள்:
பிரகாசி, த/பெ இன்னாசி.
ஒரே இன்னாசி.
படிவத்தில் அதற்குக் கலம் இல்லை.
பிழையில்லாமல் அடித்து
பத்து இருபதுக்குள் சென்னைக்கு அனுப்பினேன்.
"சுறுசுறுப்பு" என்றீர்கள்.
நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய் மாலை
மண்டபத்தில் ஏறிய பஸ் பாலம் தாண்டி
அக்காள்மடத்தில் நின்றுவிட்டது.
முன்னால் லாரி, அதற்கு முன்னால் ஐஸ் வண்டி,
அதற்கும் முன்னால் எங்கள் ஊர்.
இறங்கி நடந்தேன்.
தங்கச்சிமடம் நிறுத்தத்தில் சாலை முழுக்க
உட்கார்ந்திருந்தார்கள்.
வரிசை எண் இரண்டின் மனைவி ரெஜினாள்
மடியில் பிள்ளையை இழுத்துக்கொண்டு
கொஞ்சம் நகர்ந்தாள்.
ஓர் ஆள் உட்காரும் இடம்.

மணி ஐந்து நாற்பது.
அலுவல் நேரம் முடிந்திருந்தது.
ஊழியர் என்பது எத்தனை மணிக்கு முடியும் என்று
நடத்தை விதிகளைப் பிறகு புரட்டினேன்.
அது முடிவதில்லையாம்.

தார் சுட்டது.
சாட்சியாக அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

முழக்கமிட்டதாக இரண்டாம் குற்றச்சாட்டு.
படத்தில் வாய் திறந்திருப்பது உண்மை.
சீனி முகம்மது சார் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
"கொட்டாவின்னு எழுதும்மா" என்றார்,
"பஸ்ஸுக்கு நின்னேன்னு எழுது,
இன்கிரிமெண்ட் தப்பும்.
ரெண்டு பிள்ள வச்சிருக்க."
நல்ல மனுஷன்.
இரண்டு முறை அப்படியே எழுதினேன்.
பஸ்ஸுக்கு நின்றேன்.
பஸ்ஸுக்கு உட்கார்ந்தேன் என்று வந்தபோது
பேனாவை மூடிவிட்டேன்.

இன்னொன்று.
இது குற்றச்சாட்டில் இல்லை.
போன தேர்தலில் தொண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில்
எண்ணூற்றுப் பன்னிரண்டு விரல்களுக்கு மை வைத்தேன்.
சங்கு குளிக்கிறவர் விரல், வெடித்த நகம்.
மருதாணி காயாத விரல்.
யார் பக்கம் என்று ஒரு விரலையும் கேட்கவில்லை.
என் ஓட்டு தபாலில் போனது, அதற்கு மை கிடையாது.
ஆனாலும் புட்டியிலிருந்து வழிந்து
என் கட்டைவிரலில் ஏறியது
சோறு பிசையும்போதெல்லாம் தெரிந்தது, மூன்று வாரம்.
எந்தப் பக்கமும் சாராத கறை.
அதற்கு யாரும் மெமோ தரவில்லை.

காவல்துறைக் குறிப்பில்
"சுமார் முந்நூறு பேர்" என்றிருக்கிறது.
அந்தச் சுமாருக்குள் நான் இருக்கிறேன், ஐயா.
என்ன சொன்னேன் என்று கேட்டால்
பெயர்கள் சொன்னேன்.
ஏழு பெயர்.
அறிக்கையில் அடித்த அதே வரிசையில்,
இந்த முறை சத்தமாக.
நான்காவதில் குரல் ஒட்டவில்லை.
படம் அந்த நேரத்தில் எடுத்ததாக இருக்கலாம்.

நாளை புதன்.
கச்சான் தணிந்துவிட்டது, படகுகள் கிளம்பும்.
விடியுமுன் டோக்கன் மேசைக்கு வந்துவிடுவேன்,
அதில் குறை இருக்காது.
ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்:
பேரேட்டில் அவன் படகு எண் வரும் இடத்தில்
ஒரு வரியை வெறுமையாக விட்டு
அடுத்த படகை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதுவும் அரசியல்தானா என்று
தெளிவுரை வழங்கும்படி
பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.